மிதித்த பிறகு வந்த துணிச்சல்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தன்னம்பிக்கை. இதைப் பற்றிப் பேசாத மேடை இல்லை, எழுதாத பத்திரிகை இல்லை. ஆனாலும் ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்து, அதைச் சுற்றியே பேச விரும்புகிறேன். தன்னம்பிக்கை எப்போது வருகிறது? காரியத்தில் இறங்குவதற்கு முன்பா, இறங்கிய பிறகா?

முன்பு என்றுதான் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கூச்சம் போகட்டும், பிறகு கூட்டத்தில் பேசுகிறேன் என்கிறோம். ஆங்கிலம் சரளமாக வரட்டும், பிறகு நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன் என்கிறோம். மனதில் கொஞ்சம் தைரியம் வரட்டும், பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன் என்கிறோம். வரட்டும், வரட்டும் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓடிவிடுகிறது. வர வேண்டியது வந்தபாடில்லை. ஏன் வரவில்லை? வரிசை மாறிக் கிடக்கிறது, அதனால் வரவில்லை. செயல்தான் முதலில் கிளம்புகிறது. துணிச்சல் அதன் பின்னால் வந்து சேர்கிறது.

இதை நான் வெறும் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. என்னிடம் சாட்சி இருக்கிறது. ஒருவர் இருவர் இல்லை, ஒரு லட்சம் பெண்கள் சாட்சி. நம் தமிழ்நாட்டிலே, புதுக்கோட்டை மாவட்டத்திலே, 1990-களின் தொடக்கத்தில் நடந்த கதை அது.

புதுக்கோட்டைச் சீமையை அறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மழையை நம்பிய பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் கல் உடைக்கும் வேலை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் நீண்ட பொட்டல். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதை விட்டால் நடை. ஒரு குடம் தண்ணீருக்கு நடை, ரேஷன் கடைக்கு நடை, காய்கறி விற்கச் சந்தைக்கு நடை. அந்த நடை முழுவதும் யாருடைய தலையில்? பெண்ணின் தலையில். வீட்டில் சைக்கிள் இருந்தது. ஆனால் அது அப்பாவின் சைக்கிள், அண்ணனின் சைக்கிள், புருஷனின் சைக்கிள். பெண்ணுக்கு அதில் இருந்த இடம் பின்னால் இருந்த கேரியர் ஒன்றுதான்.

அந்த மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அரசு அலுவலர்களும், அறிவியல் இயக்கத் தோழர்களும், படித்த இளைஞர்களும், கிராமத்துப் பெண்களும் தொண்டர்களாய்த் திரண்டார்கள். கோயில் மண்டபத்தில் வகுப்பு, மரத்தடியில் வகுப்பு, தெருவிளக்கின் கீழ் வகுப்பு. பகலெல்லாம் அரிவாள் பிடித்த கை, இரவில் பலப்பம் பிடித்தது.

அந்த இயக்கத்தை நடத்தியவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். எழுத்து மட்டும் போதாது, பெண்ணுக்கு நடமாட்டம் வேண்டும். வகுப்புக்கு வரவே அவள் யாரையோ எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பாடம் நடத்தப் போகும் தொண்டர்ப் பெண்ணும் அடுத்த ஊருக்குப் போக ஓர் ஆணின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றியத்துக்கு ஒன்றியம் இத்தனை பெண்களுக்கு சைக்கிள் கற்றுத்தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். சைக்கிளுக்கென்றே பாட்டு எழுதி ஊர் ஊராகப் பாடினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முப்பது வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊரார் பார்க்க, பொட்டலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குத் தன்னம்பிக்கை இருந்ததா? இருந்திருக்க முடியாது. எப்படி இருக்கும்? அவள் அம்மா சைக்கிள் ஓட்டியதில்லை, அவள் பாட்டி ஓட்டியதில்லை. விழுந்தால் சிரிக்க வீதி முழுக்க ஆட்கள். விழாமல் போனால் ஆபாசமாகப் பேசவும் ஆட்கள் இருந்தார்கள். கூச்சம் தீரட்டும் என்று அவள் காத்திருந்தால் இன்றுவரை அங்கேயே நின்றிருப்பாள். அவள் காத்திருக்கவில்லை. பயத்தோடு ஏறினாள். கூச்சத்தோடு மிதித்தாள். விழுந்தாள். முழங்காலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள்.

சைக்கிள் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். நின்றுகொண்டிருக்கும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, முதலில் நிதானம் வரட்டும், அப்புறம் மிதிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? முடியாது. நிற்கும் சைக்கிள் சாயும். அது ஓடினால்தான் நிற்கும். இடப்பக்கம் சாய்கிறதா, ஹேண்டிலை இடப்பக்கமே லேசாகத் திருப்ப வேண்டும்; சக்கரம் சாய்வுக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர் பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்புகிறார், விழுகிறார். விழும் பக்கமே திருப்பு என்று ஆயிரம் முறை வாயால் சொல்லிக் கொடுத்தாலும் உடம்பு கேட்காது. நாலு முறை விழுந்தபின் உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கணத்தில்தான், ‘எனக்கு வருகிறது’ என்ற எண்ணம் மனதில் முதன்முதலாக எழுகிறது.

என்ன நடந்தது தெரியுமா? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்துக்குப் போய்ப் பார்த்து எழுதினார். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள் கற்றவர்கள். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊரறிய நடந்த சைக்கிள் போட்டிகளிலும் காட்சிகளிலும் கலந்துகொண்டவர்கள் என்று பதிவு செய்தார். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாகப் புகுந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு மணிகள் ஒரே தெருவில் ஒலித்தால் எப்படி இருந்திருக்கும்! நகரம் திகைத்துப் போனது.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. அதற்காகப் பெண்கள் காத்திருந்தார்களா? பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பி வாங்கினார்கள். ஏன் தெரியுமா? அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், நடுவில் பெண். விவசாயக் கூலிகள் ஓட்டினார்கள், கல்குவாரித் தொழிலாளர்கள் ஓட்டினார்கள், கிராமச் செவிலியர் ஓட்டினார்கள், அங்கன்வாடிப் பணியாளர் ஓட்டினார்கள், ரத்தினக் கல் பட்டை தீட்டும் தொழிலாளர்கள் ஓட்டினார்கள், ஆசிரியைகள் ஓட்டினார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் புதுக்கோட்டைக் கதையை எத்தனையோ பேர் சொல்கிறார்கள். ஆனால் அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்கள் தன்னம்பிக்கையைத் தேடி சைக்கிளில் ஏறவில்லை. பேருந்துக்குக் காத்து நின்று காய்கறி வாடுகிறதே, அதற்காக ஏறினார்கள். தண்ணீர் தூக்கிக் கழுத்து வலிக்கிறதே, அதற்காக ஏறினார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டுமே, அதற்காக ஏறினார்கள். கண் முன்னால் ஒரு காரியம் இருந்தது. அந்தக் காரியம் அவர்கள் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. தன்னம்பிக்கை அந்தக் காரியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்றைக்குப் பல இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: “ஐயா, தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?” நான் திருப்பிக் கேட்கிறேன்: தம்பி, எந்தக் காரியத்துக்கு? பதில் வருவதில்லை. காரியம் இல்லாத தன்னம்பிக்கையை யாராலும் வளர்க்க முடியாது. கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும், என்னால் முடியும்’ என்று நூறு முறை சொல்வதால் வருவதில்லை அது. எது முடியும்? அதைச் சொல்லுங்கள். அதில் மிகச் சிறிய பகுதியை இன்று செய்யுங்கள்.

மனித மனத்தை ஆராய்ந்த அறிஞர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் ஒரு சிற்றூரில் 1925-இல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் ஆல்பர்ட் பண்டூரா. பாம்பு என்றாலே நடுங்குபவர்களை அழைத்து அவர் சோதனைகள் நடத்தினார். சும்மா பார்த்து அலறுபவர்கள் இல்லை. பாம்பு பயத்தால் தோட்டத்துக்குப் போகாதவர்கள், வெளியூர் போகாதவர்கள். அவர்களிடம் அவர் ‘பயப்படாதே’ என்று உபதேசம் செய்யவில்லை. முதலில், இன்னொருவர் நஞ்சில்லாத ஒரு பெரிய பாம்பைக் கையில் எடுப்பதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்க வைத்தார். பிறகு பாம்பு இருக்கும் அறைக்குள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு ஒரு தொடுதல். பிறகு வெறும் கையால். பயம் போன பிறகு தொடவில்லை. தொட்ட பிறகு பயம் போனது. சில மணி நேரத்தில் பலர் அந்தப் பாம்பைத் தம் மடியில் விட்டுக்கொள்ளும் அளவுக்கு மாறினார்கள். அதோடு முடியவில்லை. வேறு விஷயங்களில் அவர்களுக்கு இருந்த அச்சங்களும் குறைந்தன.

1977-இல் பண்டூரா ஒரு கட்டுரை எழுதினார். ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை ஒருவருக்குள் எங்கிருந்து ஊறுகிறது என்று அதில் ஆராய்ந்தார். பிறர் பேச்சால் கொஞ்சம் வருகிறது. நம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வருகிறது. உடம்பின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதும் சேர்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் வலிமையானது, தானே செய்து பார்த்த அனுபவம். புதுக்கோட்டையில் இந்த நாலும் இருந்தன, கவனித்தீர்களா? பாட்டு இருந்தது. முன்னால் ஓட்டிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டு அக்கா இருந்தாள். படபடப்பு எல்லோருக்கும் இருந்ததால் அது யாருக்கும் அவமானமாகத் தெரியவில்லை. பிறகு, காலுக்கடியில் பெடல் இருந்தது.

அந்த அக்காவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தன்னந்தனியாக, பல்லைக் கடித்துக்கொண்டு சாதிப்பதே துணிச்சல் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். புதுக்கோட்டை அப்படிச் சொல்லித் தரவில்லை. அங்கே சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவர ஒரு கை இருந்தது. நேற்றுத்தான் கற்றுக்கொண்டவள் இன்று இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்தாள். முழுத் தேர்ச்சி பெற்ற பிறகுதான் கற்றுக்கொடுப்பேன் என்று அவள் காத்திருக்கவில்லை. கற்றவள் உடனே ஆசிரியையானாள். அதனால்தான் எண்ணிக்கை லட்சத்தைத் தொட்டது. நீங்கள் ஒரு புதிய காரியத்தில் இறங்கும்போது உங்களுக்காகச் சீட்டைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் யாருடைய சீட்டைப் பிடித்திருக்கிறீர்கள் என்றாவது பாருங்கள்.

சைக்கிளோடு அந்தப் பெண்கள் நிற்கவில்லை. மாவட்டத்தில் கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. நேற்றுவரை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்தவர்கள் இன்று குவாரியை நடத்துகிறவர்கள். கணக்கு எழுத வேண்டும், லாரிக்காரரிடம் விலை பேச வேண்டும், அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கெல்லாம் அவர்கள் முன்கூட்டியே பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களா? கைநாட்டு வைத்த விரலின் மை இன்னும் முழுதாய் அழிந்திருக்காது. பொறுப்பு முதலில் கைக்கு வந்தது. திறமை அந்தப் பொறுப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

இங்கே சான்றோர்கள் சிலர் மனதுக்குள் ஒரு மறுப்பு எழுந்திருக்கும். “என்ன ஐயா, எண்ணாமல் இறங்கச் சொல்கிறீரா? வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே? இறங்கிய பின் எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்றாரே?” மிக நியாயமான மறுப்பு. அதற்குப் பதில் சொல்லாமல் நான் கடந்துபோகக் கூடாது. வள்ளுவர் எண்ணச் சொன்னார். பயம் தீரும்வரை உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. எண்ணுவது வேறு, தயங்குவது வேறு. அறுவை சிகிச்சை செய்யப் போகிறவர் கற்றுத் தேறிய பிறகே கத்தியைத் தொட வேண்டும். பேருந்து ஓட்டுகிறவர் உரிமம் வாங்கிய பிறகே ஓட்ட வேண்டும். நம் பிழையால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் துணிச்சலைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நம் பிழையால் நம் முழங்கால் மட்டும் சிராய்க்கும் காரியங்கள் எத்தனை! கேள்வி கேட்க எழுந்து நிற்பது, ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது, விண்ணப்பம் போடுவது, தவறு நடக்கும்போது இது தவறு என்று வாய் திறந்து சொல்வது. இவற்றுக்கும் நாம் அறுவை சிகிச்சைக்கான ஆயத்தம் கேட்கிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

காந்தியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சட்டம் படித்த காலத்தில் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. எழுதிக்கொண்டு போன கருத்தைக்கூட வேறொருவர் படிக்க வேண்டியிருந்தது. பாரிஸ்டராகத் திரும்பி வந்து, பம்பாயில் ஒரு சிறு வழக்கில் ஆஜரானார். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தைவிட்டு வெளியேறினார்.

அதே மனிதர் 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்படுகிறார். வழியில் கோச்சு வண்டியில் அடி வாங்குகிறார். பிரிட்டோரியா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசுகிறார். தம் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று அவரே அதைக் குறிப்பிடுகிறார். பேச வேண்டிய பொருளை அவர் தயார் செய்துகொண்டுதான் போனார். வியாபாரத்தில் உண்மை பேசுவது பற்றி. மனம் தயாராகட்டும் என்று மட்டும் காத்திருக்கவில்லை. கூச்சம் அவரைவிட்டு அன்றே ஓடிப்போய்விட்டதா? இல்லை. ஆனால் தன்னைப் பற்றிய நினைப்பைவிட அந்த மக்களின் நிலை அவர் நெஞ்சில் பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டு, 1894 ஆகஸ்டில், நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 24.

அன்பர்களே, இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ‘நீ தயாரா?’ என்று நம் சமுதாயம் யாரைப் பார்த்துக் கேட்கிறது? எல்லோரையுமா கேட்கிறது?

அதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். அங்கே படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னரின் ஆதரவால் இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு சென்னை சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. அந்தப் பெண் படிக்கத் தயாராக இருந்தார். தயாராகாமல் இருந்தது கல்லூரி!

நம் ஊராட்சிகளுக்கு வாருங்கள். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாட்டில் 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊர்த் திண்ணைகளில் என்ன பேசினார்கள்? “இந்தப் பெண்களுக்கு என்ன தெரியும்? முதலில் பயிற்சி கொடுத்துத் தயார் செய்யட்டும், பிறகு நாற்காலி கொடுக்கட்டும்.” எத்தனை ஆண் தலைவர்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது? ஒருவரிடமும் இல்லை. பல ஊர்களில் பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்தார், உண்மைதான். இன்றும் அது தீரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்காலியில் தாமே உட்கார்ந்த பெண்களும் இருக்கிறார்கள். முதல் கிராமசபையில் குரல் நடுங்கியவர்கள், அடுத்தடுத்த கூட்டங்களில் குடிநீர்க் குழாய்க்கு நிதி கேட்டு அதிகாரியோடு வாதாடினார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பயிற்சி எடுத்திருந்தால் அந்தக் குரல் வந்திருக்குமா?

ஆகவே ‘இன்னும் தயாராகவில்லை’ என்று உங்கள் மனம் சொல்லும்போது, அது யாருடைய குரல் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். சில சமயம் அது உங்கள் குரலாக இருக்கும். இன்னும் படிக்க வேண்டியிருக்கும், படியுங்கள். பல சமயம் அது பொட்டலில் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தவனின் குரலாக இருக்கும். உங்கள் வீட்டுப் பெண் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால், ‘முதலில் பயம் தெளியட்டும்’ என்று சொல்லாதீர்கள். சாவியைக் கொடுங்கள். கூட நடந்து போங்கள். உங்கள் பையன் மேடையில் திக்கினால், வீட்டுக்கு வந்ததும் திக்கியதைப் பேசாதீர்கள். அடுத்த மேடை எங்கே என்று கேளுங்கள்.

என் பேச்சு நீண்டுவிட்டது. அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. கேள்வி நேரத்துக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாகப் பேசிப் பழகிய பெரியவர்களே முதலில் எழுவார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம், இதுவரை ஒரு கூட்டத்திலும் ஒரு கேள்வியும் கேட்காதவர்களுக்கு. கேள்வி முழுமையாக அமைய வேண்டியதில்லை. பாதியில் நின்றுபோனால் மீதியை நாம் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். அந்த ஒலிவாங்கியைப் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கம், கடைசி வரிசைக்குக் கொண்டு போங்கள். அங்கே ஒரு தங்கை இரண்டு முறை கையைத் தூக்கிவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டதைப் பார்த்தேன். சொல்லுங்கம்மா, உங்களிடமிருந்தே தொடங்குவோம்.